கேட்டில் நிற்கும் கண்டெய்னர்

"கண்டெய்னர் கேட்ல நிக்குதுங்க" –
நாச்சிமுத்து அண்ணன் இதைச் சொல்லாத சனிக்கிழமை
திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு விடிந்ததில்லை.
முதல் வருசம் ஓடினோம்.
சாப்பிட்ட கை காயும் முன்னே
பிசிறு வெட்டி, கறைக்கு ஸ்ப்ரே அடித்து,
ராத்திரி ஒன்றரைக்கு அட்டைப்பெட்டி ஒட்டி முடித்துக்
கேட்டைப் பார்த்தால்
நாய் ஒன்று படுத்திருக்கும்,
கண்டெய்னர் நிற்க வேண்டிய இடம் முழுக்கத்
தனக்கே தனக்காக.

ரெண்டாம் வருசம் நடந்தோம்.
அப்புறம் சபிதா, ஒடிசாக்காரி,
தமிழில் அவள் முதலில் கற்ற வாக்கியமே அதுதான்,
அவர் வாயைத் திறக்கும் முன்னே
அவர் குரலிலேயே சொல்லிவிடுவாள்.
மொத்த லைனும் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.
சிரித்துக்கொண்டே,
"இல்லீங், இன்னைக்கு நெசமாலுமே."

நெசமாலுமே என்ற சொல்லைத்
தேய்த்துத் தேய்த்துப்
பழைய பத்து ரூபாய்த் தாளாக்கியது அவர்தான்.
பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டர் வாங்கமாட்டார்.

நாங்களும் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகள் இல்லை.
என் கணக்கில் மட்டும் மூன்று பெரியப்பன்மார் செத்திருக்கிறார்கள்.
எனக்கு இருப்பது ஒரே பெரியப்பன். தாராபுரத்தில்
இன்னும் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்.
துளசிமணி மகனுக்கு
மாரியம்மன் நோம்பிக்கு முந்தின நாள் தவறாமல் காய்ச்சல்.
லீவு கேட்டு நின்றால்
அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்,
காலண்டரைப் பார்ப்பார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை.
மூன்று நாளாகக் கோயமுத்தூர்ப் பக்கம் மழை.
எங்கள் தகரத்தின் மேல் தூறல்தான்.
நாலு மணி இருக்கும். வந்தார்.
"எல்லாரும் வூட்டுக்குப் போங்க.
ஆத்துல தண்ணி வருதாமா. நெசமாலுமே."

ஒரு மெஷின்கூட நிற்கவில்லை.
போங்க என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது,
அதுவும் சம்பளத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில்.
"ஆர்டர் இல்லையாட்ட இருக்குது,
அரை ஷிப்ட்டை அறுக்கப் பாக்குறாரு" என்றாள் துளசிமணி,
ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
"நொய்யல்ல தண்ணியாமா! சாயந்தான் வரும்."
சபிதா எழுந்து, அவர் குரலிலேயே,
"தண்ணி கேட்ல நிக்குதுங்க."
லைன் சிரித்தது.
இந்த முறை அவர் சிரிக்கவில்லை.
அதை நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தேன்.

மறுபடி வந்தார். கத்தினார்.
பிள்ளைகள் மேல் சத்தியம் என்றார்.
(போன தீபாவளிக்கும் அதே பிள்ளைகள்தான்.)

ஐந்தேகாலுக்கு வந்தபோது ஒன்றும் பேசவில்லை.
பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார்.
ஒல்லியான, வெளுத்த கெண்டைக்கால்.
அதில் சேறு.
நேராகப் போய் மெயினை இறக்கினார்.
இருட்டில், முதல் தடவையாக,
நூறு மெஷினும் அவரை நம்பின.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஆற்றோரம் என் லைன் வீட்டில்
அரிசி, மிக்சி, ரேஷன் கார்டு,
கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில்
மகளின் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்.
சுவரில் நீலமும் சிவப்பும் கலந்து
இடுப்பளவுக்கு ஒரு கோடு.
அஞ்சு மணி வரைக்கும்
வாசலில் உள்ளங்கால்தான் நனைந்ததாம்.
டியூசனிலிருந்து வந்த மகள்
பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.
சாவி என் பையில்.

யாரைத் திட்டுவது?
அவரைத் திட்டத்தான் வாய் வந்தது.
ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது நிஜம்.
நிஜம் சொன்னதற்காக ஒருத்தரைத் திட்ட
என்னிடம் வார்த்தை இல்லை.

சர்டிபிகேட் நகலுக்கு அலைய
ரெண்டு நாள் லீவு கேட்டேன்.
"வெள்ளத்துல போயிருச்சுங்ளா?" என்றவர்
காலண்டரைப் பார்த்தார்.
போனை எடுத்துச் சுவரின் கோட்டைக் காட்டினேன்.
பெரிதாக்கிப் பார்த்தார்.

சனிக்கிழமை.
"கண்டெய்னர் கேட்ல நிக்குதுங்க."
யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை இப்போது.
மெஷினுக்கு மேலே எட்டி
அவர் பேண்ட்டின் கீழ்மடிப்பைப் பார்க்கிறோம்.
காய்ந்திருக்கிறது.
தைக்கிறோம்.